தச்சன் சொன்ன சாட்சி: விடா கப்பல் உடஞ்ச கேஸ், வேஷம் கட்டுறவங்களுக்காக

முதல் சீசன்ல நான் போட்டுட்டு போனது முழங்கால் தாண்டி வர்ற தோல் பூட்ஸ், சிவப்பு வெல்வெட் கோட், இறகு வச்ச தொப்பி. மாசசூசெட்ஸ் கரையோரமா பழைய பாய்மரக் கப்பல் வந்து நிக்கிற ஒரு திருவிழா, நாங்க எட்டு பேர் 1710கள் காலத்து கடற்கொள்ளைக்காரங்களா நின்னுட்டு இருந்தோம். நம்ம ஊரு பையன் ஒருத்தன், ஒம்பது பத்து வயசு இருக்கும், அப்பா கூட வந்தவன், பாய்மரத்துல ஏறுற கயித்து ஏணியக் காட்டி "அங்கிள், இந்த பூட்ஸ போட்டுட்டு அதுல எப்படி ஏறுவீங்க?"ன்னு கேட்டான். ஏற முடியாது. அந்தக் காலத்துல அது குதிர ஓட்டுறவன் போடுற பூட்ஸ், கப்பல்ல வேலை பாக்குறவன் அத போட்டா ஈரக் கயித்துல காலு நிக்காது. அன்னிக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சது, ஆறு வருஷம் ஆச்சு இன்னும் முடியல, அந்தத் தேடல்ல எனக்கு அதிகமா கத்துக்குடுத்த கேஸ், 1717ல மாசசூசெட்ஸ் கேப் காட் கரையில உடஞ்ச விடா (Whydah)ங்கிற கொள்ளைக் கப்பல் தான், அதனால அத மட்டும் எடுத்து முழுசா எழுதறேன்.

ஏன் விடான்னா, அந்தக் கப்பலுக்கு மூணு வகை ஆதாரமும் இருக்கு. கோர்ட்டு ரெக்கார்ட் இருக்கு, கடலுக்கடியில இருந்து எடுத்த பொருள் இருக்கு, அதுக்கு மேல ஊரு சொல்ற கதையும் இருக்கு. ஒன்ன வச்சு இன்னொன்ன சரிபாக்கலாம். கடற்கொள்ளை வரலாறுல இந்த மாதிரி அமையறது ரொம்ப அபூர்வம்.

கப்பல் லண்டன்ல கட்டினது, சுமாரா 300 டன், முழுப் பேரு விடா கேலி. இந்த கேலி நம்ம கிண்டல் கேலி இல்ல, துடுப்பு போட்டும் ஓட்டக்கூடிய ஒரு வகைக் கப்பல். விடாங்கிறது மேற்கு ஆப்பிரிக்கா துறைமுகம், இன்னிக்கு பெனின் நாட்டுல இருக்கு. பேர பாத்தாலே கப்பல் எதுக்குன்னு தெரிஞ்சிடும், மனுஷங்கள வாங்கி கரீபியன்ல விக்கிற கப்பல். அந்தக் காலத்துல ஆப்பிரிக்கக் கரையில ஆளுக்கு விலையா குடுத்த சரக்குல மாலத்தீவு சோழியும் இருந்துச்சு, சோழமண்டலக் கரையில நெசவாளிங்க நெய்ஞ்ச பருத்தித் துணியும் இருந்துச்சு. நம்ம கரைத் துணி அந்த வியாபாரத்துக்குள்ள போனத படிச்ச அன்னிக்கு எனக்கு சோறு இறங்கல. கொள்ளைக்காரங்க கதைய கொண்டாட்டமா சொல்றப்போ இந்த முதல் பாதிய தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, அந்தக் கப்பல் முதல் பயணத்துலயே 300க்கும் மேல அடிமைகள ஏத்திட்டு வந்து ஜமைக்காவுல இறக்கிட்டு, வித்த காசோட லண்டன் திரும்பிட்டு இருந்தப்போ தான் மாட்டுச்சு.

மாட்டினது சாமுவேல் பெல்லமி கிட்ட. இங்கிலாந்து டெவன் பக்கத்து ஆளு, சாகும்போது வயசு 28 இருக்கும். 1715 ஜூலைல ஃப்ளோரிடா கரையில ஸ்பானிஷ் புதையல் கப்பல் கூட்டம் புயல்ல உடஞ்சதும் ஊருபட்ட பேரு வெள்ளி பொறுக்க ஓடினாங்க, பெல்லமியும் அவரோட கூட்டாளி பால்ஸ்கிரேவ் வில்லியம்ஸும் அதுல ரெண்டு பேரு. அங்க ஒண்ணும் தேறல, அப்புறம் பெஞ்சமின் ஹார்னிகோல்ட் கூட்டத்துல சேந்தாங்க. ஹார்னிகோல்ட் இங்கிலீஷ் கப்பல கொள்ளையடிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சாரு, ஆளுங்க ஓட்டு போட்டு அவர இறக்கிட்டு 1716ல பெல்லமிய கேப்டனாக்கிட்டாங்க. ஓட்டு போட்டது கட்டுக்கதை இல்ல, சாட்சிகள்ல வர்ற விஷயம். விடாவ கேப்டன் லாரன்ஸ் பிரின்ஸ் கிட்ட இருந்து மூணு நாளு துரத்திப் பிடிச்சு, தன்னோட சுல்தானா கப்பல அவருக்குக் குடுத்து அனுப்பிட்டு, விடாவுல பீரங்கிய 18ல இருந்து 28 ஆக்கினாரு.

தேதி விஷயத்துல ஒரு எச்சரிக்கை, நானே இதுல ஒரு மாசம் குழம்பினேன். விடாவ பிடிச்சது 1717 பிப்ரவரி கடைசியில. ஆனா அன்னிக்கு இங்கிலீஷ்காரங்களுக்கு வருஷம் பொறக்கறது மார்ச் 25, அதனால அந்தக் காலத்துப் பேப்பர்ல அதே பிப்ரவரி 1716ன்னு இருக்கும். அது போக 1752 வரைக்கும் அவங்க பழைய காலண்டர், நம்ம இப்போ வச்சிருக்கறதுக்கு 11 நாள் பின்னாடி. கப்பல் உடஞ்சது ஏப்ரல் 26ன்னு எல்லாரும் எழுதறது அந்தப் பழைய கணக்கு தான். கப்பல் பேரும் அப்படித்தான், கப்பல் மணியில ஒரு மாதிரி, பழைய மேப்புல ஒரு மாதிரி எழுதியிருப்பாங்க, ஒரே எழுத்துக்கூட்டல் வச்சு தேடினா பாதி ஆவணம் கண்ணுல படாது.

இப்போ தாமஸ் டேவிஸ்க்கு வரேன், என் கண்ணுக்கு இந்த கேஸோட மையம் இவர் தான். வேல்ஸ்காரர், தச்சர். 1716 டிசம்பர்ல செயின்ட் மைக்கேல்ங்கிற கப்பல்ல வேலை பாத்துட்டு இருந்தப்போ பெல்லமி ஆளுங்க பிடிச்சு, தச்சர் வேணும்னு கட்டாயமா இழுத்துட்டு போயிட்டாங்க. அடுத்த கப்பல் பிடிச்சதும் விட்டுடறேன்னு பெல்லமி வாக்கு குடுத்தாரு. விடாவ பிடிச்சப்புறம் இவர் போய் கேக்க, பெல்லமி ஆளுங்கள கூப்பிட்டு கேட்டா அவங்க முடியாதுன்னுட்டாங்க, விடறதுக்கு பதிலா சுட்டுப் போடுவோம், இல்ல பாய்மரத்துல கட்டி சாகிற வரைக்கும் சாட்டையால அடிப்போம்னாங்க. கேப்டன் குடுத்த வாக்க ஆளுங்க ஓட்டு தூக்கிப் போட்டுடுச்சு. கொள்ளைக்காரங்க ஜனநாயகம்னு சிலாகிக்கிறவங்க டேவிஸ் நின்ன இடத்துல நின்னு ஒரு தடவ யோசிச்சுப் பாக்கணும்.

ஒரு தச்சருக்கு ஏன் இவ்ளோ வெறி? மரக் கப்பல் சும்மா நின்னாலே கெட்டுப்போற சாமான். வெதுவெதுப்பான கடல்ல கப்பல் புழு பலகைய உள்ளுக்குள்ள அரிச்சுடும், பலகை இடுக்குல நார் அடிச்சு தார் ஊத்தலன்னா தண்ணி ஒழுகும், பம்ப்பு வேலை செய்யணும், குண்டு பட்ட ஓட்டைய அடைக்கணும், சில மாசத்துக்கு ஒரு தடவ கரையில சாச்சுப் போட்டு அடிய சுரண்டணும். சட்டத்துக்கு பயந்தவன் துறைமுகத்துல போய் ரிப்பேர் பண்ண முடியாது, அதனால கொள்ளைக் கப்பலுக்கு தச்சரும் டாக்டரும் தங்கத்த விட முக்கியம். நாங்க எட்டு பேர் வேஷம் கட்டினப்போ அஞ்சு பேரு கேப்டன், ஒருத்தர் கூட தச்சர் இல்ல.

1717 ஏப்ரல் 26. காலையில நான்டக்கெட் பக்கம் மேரி ஆன்னு ஒரு சின்னக் கப்பல பிடிச்சாங்க, சரக்கு மதீரா ஒயின். ஏழு பேர அதுல ஏத்தி பின்னாடியே வரச் சொல்லிட்டாரு பெல்லமி. பனிமூட்டம் இறங்கி ஒண்ணும் தெரியல, இன்னொரு சின்னக் கப்பலையும் பிடிச்சாங்க, அதோட கேப்டனுக்கு இந்தக் கரை பழக்கம். இங்க கடல் வாழ்க்கை எப்படி இருந்துச்சுன்னு புரிஞ்சுக்கணும். வடக்கு தெற்கா எங்க இருக்கோம்னு சூரியன வச்சு கண்டுபிடிக்கலாம், முதுகு சூரியனுக்குக் காட்டி நிழல பாக்கிற ஒரு மரக் கருவி இருந்துச்சு, ஜான் டேவிஸ்னு ஒரு மாலுமி 1590கள்ல செஞ்சது, நம்ம தச்சருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல. கிழக்கு மேற்குக்கு வழியே இல்ல, அத கண்டுபிடிச்சா 20,000 பவுண்டு வரைக்கும் பரிசுன்னு இங்கிலாந்து பார்லிமென்ட் 1714ல தான் சட்டம் போட்டிருந்துச்சு. பனிமூட்டத்துல சூரியனும் போச்சு. மிச்சம் இருந்தது கயித்துல கட்டின ஈயக்குண்டு. குண்டோட அடியில ஒரு குழி இருக்கும், அதுல கொழுப்பு தடவி இறக்குவாங்க, ஆழமும் தெரியும், அடியில மணலா சேறா சிப்பியான்னு ஒட்டிட்டும் வரும், அத விரல்ல தேச்சுப் பாத்து எந்தக் கரைன்னு சொல்ற ஆளுங்க இருந்தாங்க.

ராத்திரி கிழக்குலயும் வடகிழக்குலயும் இருந்து புயல் அடிச்சுது. கேப் காட் கிழக்குக் கரை முழுக்க மணல் திட்டு, காத்து நேரா அது மேல தள்ளுது, பாய்மரக் கப்பலால அந்தக் காத்த எதுத்து வெளிய போக முடியாது. நம்ம கரையில வாடையில மாட்டின வள்ளக்காரங்கள கேட்டா இந்த பயம் என்னன்னு சொல்லுவாங்க. டேவிஸ் சாட்சியில இந்த இடம் ரொம்ப சுருக்கம். கப்பல் தட்டினதும் கால் மணி நேரத்துல நடுப் பாய்மரம் முறிஞ்சு விழுந்துச்சு, காலையில கப்பல் தூள் தூளா போயிருந்துச்சு, மொத்தம் 144 பேர் செத்தாங்க, அதுல சுமார் 16 பேரு கைதிங்க. அவ்ளோ தான் சொல்றாரு. விடாவுல இருந்து உசுரோட கரையேறினது ரெண்டே பேர், டேவிஸும், ஜான் ஜூலியன்னு மத்திய அமெரிக்கா மிஸ்கிட்டோ இனத்து இளைஞர் ஒருத்தரும்.

மேரி ஆனும் அதே ராத்திரி கொஞ்சம் தெக்கால தட்டி நின்னுச்சு, ஆனா உடயல. அதுல நடந்தத எனக்கு மறக்கவே முடியாது. அந்த ஏழு பேரும் சாவு வந்துடுச்சுன்னு நெனச்சு, தாங்க பிடிச்சு வச்சிருந்த அந்தக் கப்பலோட துணை அதிகாரிய ஜெபப் புத்தகம் படிக்கச் சொல்லியிருக்காங்க, அவரு ஒரு மணி நேரம் போல படிச்சாராம். காலையில வெளிச்சம் வந்தா கரை பக்கத்துலயே இருக்கு, இறங்கி இனிப்பும் ஒயினுமா சாப்பிட்டுட்டு இருந்தாங்க, ஊருக்காரங்க வந்தப்போ கூட இருந்த சமையல்காரர் இவங்க யாருன்னு சொல்லிட்டாரு. அதே நாள்லயே கைது.

பாஸ்டன்ல 1717 அக்டோபர்ல விசாரணை. ஏழு பேர்ல ஆறு பேருக்கு தூக்கு, நவம்பர் 15ல நிறைவேத்தினாங்க. அந்த ஆறு பேரு எங்கெங்க பொறந்தாங்கன்னு பாருங்க: ஜமைக்கா, ஹாலந்து, ஆம்ஸ்டர்டாம், ஸ்வீடன், பிரான்ஸ் நான்ட் நகரம், நியூயார்க். ஆம்ஸ்டர்டாம்காரர் ஹென்ட்ரிக் குயின்டர் ஆப்பிரிக்க டச்சு கலப்பு. வேஷம் கட்டுறவங்க எல்லாரும் ஒரே இங்கிலீஷ் உச்சரிப்புல கத்தறது இந்த ரெக்கார்டுக்கு ஒத்து வராது, எங்க கூட்டத்துல இப்போ தமிழ், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ் பேசறவங்க அவங்கவங்க நாக்குலயே பேசறோம். விடுதலையானது ஏழு பேர்ல ஒருத்தர், தாமஸ் சவுத். தனியா விசாரிச்ச டேவிஸும் விடுதலை. ரெண்டு பேரும் தச்சருங்க, ரெண்டு பேரும் அதே செயின்ட் மைக்கேல் கப்பல்ல இருந்து இழுத்துட்டு வந்தவங்க. ஜான் ஜூலியன விசாரிக்கவே இல்ல, அடிமையா வித்துட்டாங்கன்னு தான் வரலாற்று ஆளுங்க சொல்றாங்க.

கோர்ட்டு சாட்சிய எடை போடும்போது ஒண்ண மனசுல வச்சுக்கணும், பேசறவனுக்கு கழுத்துல கயிறு. என்ன கட்டாயப்படுத்தினாங்கன்னு எல்லாரும் தான் சொல்லுவாங்க. அதனால தன்ன பத்தி சொல்றத சந்தேகமா படிங்க, சும்மா போற போக்குல சொல்ற சின்ன விவரத்த நம்பி எடுங்க. உதாரணமா தூக்குல போட்ட ஆறு பேர்ல ஒருத்தரான பீட்டர் ஹூஃப் சொன்னது: கொள்ளைப் பணம் 20,000லிருந்து 30,000 பவுண்டு இருக்கும்னு பேச்சு, கேபின்ல வச்சு எண்ணி, ஆளுக்கு 50 பவுண்டுன்னு 180 பேருக்கு பையில கட்டினாங்க, பணம் தளத்துக்கு கீழ பெட்டியில காவலே இல்லாம கிடந்துச்சு, ஆனா குவார்ட்டர்மாஸ்டர, அதாவது பங்கு பாத்துக்கிற அதிகாரிய, கேக்காம யாரும் எடுக்கக் கூடாது. இதுல பொய் சொல்லி ஹூஃபுக்கு ஒரு லாபமும் இல்ல.

இந்தப் பங்கு விஷயத்த மணல் எப்படி உறுதி பண்ணுச்சுங்கிறது தான் இந்த கேஸோட அழகு. கவர்னர் அனுப்பி சிப்ரியன் சவுதாக்ங்கிற கேப்டன் மே மாசமே தேடிப் போனாரு, அதுக்குள்ள கரையில ஒதுங்கினத ஊரு ஜனங்க அள்ளிட்டாங்க. அவருக்கு புதையல் கிடைக்கல, ஆனா ஒரு மேப்பு வரஞ்சாரு, அதுல திமிங்கலப் படகுல தான் குறுக்கால வந்த வழிய குறிச்சு, 102 பிணத்த புதைச்சேன்னும் எழுதினாரு. அந்த மேப்ப ஒரு முக்கியத் துப்பா வச்சுகிட்டு பேரி கிளிஃபோர்டுங்கிற ஆளு 1984ல கப்பல கண்டுபிடிச்சாரு. 1985ல மணி கிடச்சுது, அதுல விடா கேலி 1716ன்னு வார்ப்புலயே எழுத்து, அதுக்கு மேல சந்தேகத்துக்கு இடமில்ல. கிடச்ச தங்கத்துல மேற்கு ஆப்பிரிக்கா அக்கான் மக்களோட நகைங்க இருந்துச்சு, நுணுக்கமான வேலை, ஆனா கத்தியால வெட்டித் துண்டாக்கினது. பங்கு போட வெட்டினது தான். ஹூஃப் வாயால சொன்னத அந்த வெட்டுத் தடம் சொல்லுது.

கிளிஃபோர்டு பத்தி தொல்லியல் ஆளுங்களுக்கு கோவம் உண்டு, அதுல நியாயமும் இருக்கு. புதையல் தேடறவரு, ப்ரொபல்லர் தள்ளுற தண்ணிய கீழ திருப்பி மணல்ல குழி பறிச்சு எடுத்தாரு, அப்படி எடுக்கும்போது எது எது பக்கத்துல கிடந்துச்சுங்கிற தகவல் கலஞ்சு போகும். மாசசூசெட்ஸ் அரசு உரிமை கேட்டு வழக்கு போட்டு, 1988ல மாநில உச்ச நீதிமன்றம் கிளிஃபோர்டு பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. எனக்கு அரசு கையில இருந்திருக்கலாம்னு தான் தோணுது, ஆனா பொருளுங்கள சில்லறையா விக்காம ஒரே சேகரிப்பா வச்சிருக்காங்க, அத சொல்லாம விட்டா தப்பு.

மேற்கு யார்மவுத்ல இருக்கிற மியூசியத்துல, கடலுக்கடியில இருந்து எடுத்த துருக் கட்டிங்கள பாத்தேன். இரும்பு துருப்பிடிச்சு சுத்தி இருக்கிற மணல், கல்லு எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சு, பாக்க தார் ரோடு பேத்து எடுத்த மாதிரி ஒரு பாறை. தண்ணித் தொட்டியில கிடக்கு. எக்ஸ்ரே எடுத்தா உள்ள நாணயம், குண்டு, துப்பாக்கி தெரியுது. அப்படி வந்த துப்பாக்கி ஒண்ணுல பட்டு ரிப்பன் கட்டியிருந்துச்சு, கழுத்துல மாட்டிக்க. ஈரமான தளத்துல ஒரு கையால கயித்தப் பிடிச்சுட்டு இருக்கிறவனுக்கு அது எவ்ளோ உபயோகம்னு போட்டுப் பாத்தா தான் புரியும்.

அடுத்தது என் மனசுல நிக்கிறது. 1716 நவம்பர்ல பொனெட்டான்னு ஒரு கப்பல பெல்லமி பிடிச்சாரு. அதோட கேப்டன் அபிஜா சேவேஜ் ஆன்டிகுவாவுல குடுத்த வாக்குமூலத்துல ஜான் கிங்னு ஒரு பையன் வர்றான், அம்மாவோட பயணம் வந்தவன். யாரும் அவன கட்டாயப்படுத்தல, தடுத்தா செத்துடுவேன்னு சொல்லி, அம்மாவையே மிரட்டி கொள்ளைக்காரங்க கூட போயிட்டான்னு இருக்கு. வாக்குமூலத்துல வயசு இல்ல. கடல்ல இருந்து எடுத்ததுல ஒரு சின்ன ஷூ, பட்டு சாக்ஸ், அதுக்குள்ள ஒரு கால் எலும்பு. 2006ல ஆராய்ச்சி பண்ணி எட்டுலேர்ந்து பதினொண்ணு வயசுக்குள்ள ஒரு குழந்தையோடதுன்னு சொன்னாங்க. அத ஜான் கிங்னு தான் எல்லாரும் எழுதறாங்க, ரெக்கார்டுல வர்ற ஒரே சின்னப் பையன் அவன், பட்டு சாக்ஸ் வசதியான வீட்டுப் பிள்ளைன்னு காட்டுது, நானும் அவன் தான்னு நம்பறேன், இருந்தாலும் ஷூவுல பேரு எழுதியில்ல. எங்க விளக்கப் பலகையில "இருக்கலாம்"னு தான் போட்டிருக்கோம். எங்கிட்ட பூட்ஸ பத்தி கேட்ட பையனோட வயசு தான் இவனுக்கும்.

"இருக்கலாம்"ங்கிறத நாங்க எதுக்கு இவ்ளோ பிடிச்சிட்டு இருக்கோம்னா, துப்பாக்கி பக்கத்துல கிடந்த ஒரு எலும்பு பெல்லமியோடதா இருக்கும்னு 2018ல பெரிய செய்தியா வந்துச்சு. இங்கிலாந்துல இருக்கிற உறவுக்காரர் டிஎன்ஏ கூட ஒப்பிட்டா பொருந்தல, கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து வேர் உள்ள யாரோ ஒருத்தர். முதல் செய்தி படிச்ச நிறைய பேரு ரெண்டாவது செய்திய படிக்கவே இல்ல.

கதைங்க பக்கம் சுருக்கமா முடிச்சுடறேன். மரியா ஹாலெட்டுன்னு காதலி, அவளுக்காகத் தான் பெல்லமி கேப் காட் திரும்பினாருன்னு ஒரு கதை, கேப் காட் ஜனங்க உசுரா சொல்லுவாங்க, ஆனா அந்தப் பேரு பின்னால வந்த கதைங்கள்ல இருந்து வந்தது. பணக்காரன் சட்டத்த வச்சு கொள்ளையடிக்கிறான், நாங்க தைரியத்த வச்சு அடிக்கிறோம்னு பெல்லமி பேசினதா ஒரு வசனம் எல்லா மேடையிலயும் வரும், அது அவர் செத்து பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு லண்டன்ல அச்சான புத்தகத்துல வர்றது, கூட இருந்து எழுதிக்கிட்டவன் யாரும் இல்ல. மேடையில சொல்லுங்க, சொல்லிட்டு அதையும் சொல்லுங்க.

உடுப்புக்கு நாங்க பிடிச்சுக்கிட்டது 1706ல இங்கிலாந்து கடற்படை மாலுமிங்களுக்கு துணி வாங்கப் போட்ட ஒப்பந்தம். கெட்டி சாம்பல் கலர் கம்பளி ஜாக்கெட், உள்ள சிவப்பு லைனிங், பித்தளை பட்டன், நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட சட்டை, சாம்பல் கம்பளி சாக்ஸ், பக்கிள் வச்ச ஷூ. அது கடற்படைக்குன்னு போட்டது தான், ஆனா கொள்ளைக்காரங்கள்ல பெரும்பாலானவங்க நேத்து வரைக்கும் வியாபாரக் கப்பல்லயோ கடற்படையிலயோ கூலிக்கு இருந்தவங்க, அவங்க பெட்டியில இருந்தது இந்த மாதிரி துணி தான். ஆளுக்கு ஒரு செட் தச்சு முடிக்க எங்களுக்கு ரெண்டு குளிர்காலம் ஆச்சு.

இந்த சீசன்ல நான் தச்சர். உளி, மரச்சுத்தி, நார் அடிக்கிற இரும்பு, ஒரு சட்டி தார். கேப்டன் ஒருத்தரு போதும்னு ஆயிடுச்சு. போன மாசம் கேப் காட்ல ஒரு பழைய படகுத்துறையில நிகழ்ச்சி, அந்தப் பையன் திரும்ப வந்திருந்தான், இப்போ என் தோளுக்கு வளந்துட்டான். ஈயக்குண்ட அவன் கையில குடுத்து, அடியில கொழுப்ப தடவச் சொல்லி, துறை ஓரமா இறக்கச் சொன்னேன். ஏழு பவுண்டு குண்டு, கயிறு கை வழியா ஓடி சட்டுன்னு தளந்துச்சு. மேல இழுத்து திருப்பிப் பாத்தான், கொழுப்புல மஞ்சளா பொடி மணல் அப்பியிருந்துச்சு. கொஞ்ச நேரம் பேசாம அத விரல்ல தேச்சுட்டே நின்னான், அப்புறம் "அன்னிக்கு ராத்திரியும் இதே தான் ஒட்டியிருக்குமா அங்கிள்?"னு கேட்டான்.

ஒட்டியிருக்கும்னு சொன்னேன்.